பன்னிரண்டு மணிச் சிரிப்பு

ஆகஸ்ட் 5

அன்புள்ள அத்தை,

கையெழுத்தை வைத்து என்னைக் கண்டுபிடிக்க முடியாது. நீங்கள் ஊரைவிட்டுப் போனபோது எனக்கு எழுதவே தெரியாது. நான்தான், உங்கள் அண்ணன் மகள். என்னைப் பொடி என்று கூப்பிடுவீர்களாம். இப்போது எட்டாம் வகுப்பு. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரும் அளவுக்கு வளர்ந்துவிட்டேன்.

தயவுசெய்து இந்தக் கடிதம் வந்ததை யாரிடமும் சொல்லாதீர்கள். வீட்டுக்குப் போன் செய்துவிடாதீர்கள். இங்கே உங்கள் பேச்சை எடுத்தால் அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிடுவார். அம்மா, "எதுக்குடி இப்ப அதெல்லாம்? மனுஷனைச் சாப்பிட விடு" என்பாள். அதனால் நான் எடுப்பதில்லை.

உங்கள் விலாசம் எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பீர்கள். போன பிறந்தநாளுக்கு எனக்கு ஒரு பச்சை கவுன் வந்தது. "ஆஸ்பத்திரியில என்கூட வேலை பார்க்கிறவங்க கொடுத்தாங்க" என்றாள் அம்மா. ஆனால் அது வந்த பையில் கடையின் விலாசம் அச்சடித்திருந்தது. அம்மா ஒருநாள் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம், "அவ இப்ப ஒரு பெரிய துணிக்கடையில மைக்ல பேசறாளாம்" என்று மெதுவாகச் சொன்னாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். அதனால்தான் உறையின்மேல் 'மைக்கில் பேசும் அம்மாவுக்கு' என்று எழுதியிருக்கிறேன். சரியான ஆளிடம் வந்திருந்தால் மேலே படியுங்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது அத்தை. யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் ரேடியோ நிலையத்துக்குப் போய் அப்பாவுக்காகக் காத்திருப்பேன். அதே தையல் மிஷின் கடைக்கு மேல்மாடிதான். நேற்று வாசலில் போர்டு மாட்டுகிறவர் ஒருவர் ஏணி போட்டு அளவெடுத்துக்கொண்டிருந்தார். "பாப்பா, இந்த டேப் நுனியைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்றார். பிடித்தேன். வரப்போகும் போர்டின் படத்தைப் போனில் காட்டினார். 'லூப் எஃப்.எம். பேச்சே இல்லை, பாட்டு மட்டும்.' பக்கத்தில் ஹெட்போன் மாட்டிய ஒரு பூனை.

"பூனைக்கு எதுக்கு அண்ணா ஹெட்போன்?"

"எனக்கென்ன தெரியும்? கொடுத்த படத்தை ஒட்டறதுதான் என் வேலை."

"பேச்சே இல்லைன்னா, பேசறவங்க என்ன செய்வாங்க?"

"அதான் கம்ப்யூட்டர் இருக்கே. இந்த மாசக் கடைசி சனிக்கிழமை மதியத்தோட பேச்சு முடிஞ்சிடும். ஆமா, நீ யார் வீட்டுப் பிள்ளை?"

காலை நிகழ்ச்சி செய்கிறவரின் மகள் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஏணியிலிருந்து இறங்கியே வந்துவிட்டார்.

"ஐயையோ. பாப்பா, உங்கப்பாவுக்கு இன்னும் தெரியாது. கடைசி நிகழ்ச்சி முடிஞ்சு வெளியே வந்தப்புறம்தான் சொல்லுவாங்களாம். முன்னாடியே சொன்னா மைக்ல ஏதாவது பேசிடுவாங்கன்னு பயம். நான் வாயை விட்டேன்னு தெரிஞ்சா இனிமே எனக்கு ஒரு போர்டு வராது. யார்கிட்டயும் சொல்லிடாதே, என்ன?"

நான் தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்தால், அப்பா சாப்பாட்டு மேசையில் அடுத்த மாதத்துக்கான புதிர்ப் போட்டிக்குக் கேள்வி எழுதிக்கொண்டிருக்கிறார். "பொடி, இது ரொம்பச் சுலபமா இருக்கோ?" என்று என்னையே கேட்கிறார். அடுத்த மாதம் அந்தப் போட்டியே இருக்காது அத்தை. அவர் தினமும் "நாளைக்கும் இதே நேரம், இதே குரல்" என்று சொல்லித்தான் முடிக்கிறார். கடைசி நாளும் அப்படித்தான் சொல்லிவிட்டு வருவார்.

சொல்லட்டுமா, வேண்டாமா? சொன்னால் கோபத்தில் மைக்கிலேயே கேட்டுவிடுவாரோ? உடனே அனுப்பிவிடுவார்களோ? அம்மாவிடம் சொன்னால் அம்மா அழுவாள், அப்பாவுக்குத் தெரிந்துவிடும். ரேடியோவில் இருந்தவர் என்று எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான்.

அம்மாவுக்கு ராத்திரி டியூட்டி. அப்பா உள்ளே தூங்குகிறார். விளக்கைப் போட்டால் வெளிச்சம் கதவடியில் தெரியும். அதனால் பழைய ரேடியோவைச் சத்தமில்லாமல் போட்டுவைத்து, அதன் முள்ளுக்குப் பின்னால் எரிகிற சின்ன வெளிச்சத்தில் எழுதுகிறேன். கோணலாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

பதில் எழுதினால் வீட்டுக்கு வேண்டாம். பின்பக்கம் எழுதியிருப்பது பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடை விலாசம். அந்தக் கடை அக்கா என் தோழியின் அக்கா. என்ன ஏது என்று கேட்கமாட்டார்.

இப்படிக்கு,
பொடி


ஆகஸ்ட் 10

பொடிக்கு,

உறையைப் பார்த்துவிட்டுக் கடையில் எல்லோரும் என்னை 'மைக்கில் பேசும் அம்மா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அது போகட்டும்.

நீ கேட்டதற்குப் பதில்: சொல்லாதே.

ஏன் என்று கேட்பாய். உன் வீட்டில் யாரும் உனக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். நானே சொல்கிறேன். அந்த நிலையத்துக்கு முதலில் இருந்த பெயர் ஊர்க்குரல். காலையில் நானும் உன் அப்பாவும் சேர்ந்துதான் பேசுவோம். ஊருக்கே நாங்கள் அண்ணன் தங்கச்சி. பழைய முதலாளி நிலையத்தை விற்றார். வாங்கியவர்களுக்கு ஒரு குரல் போதும் என்று தோன்றியது. அதை உன் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். என்னிடம் சொல்ல வேண்டாம் என்றார்கள். அவனும் சொல்லவில்லை.

ஒரு வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தேநீரில் பாதியைக் குடித்துக்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். கடைசி நாளும் நான் ஊரைப் பார்த்து "நாளைக்கும் இதே நேரம்" என்று சொன்னேன். படியிறங்கி வந்தால் வாட்ச்மேன் கையை நீட்டுகிறார். "சாவியைக் கொடுத்துட்டுப் போங்கம்மா, அப்படித்தான் சொல்லியிருக்காங்க." எனக்கு அப்படித்தான் தெரிந்தது. என் அண்ணன் வாயால் இல்லை. வாட்ச்மேன் வாயால்.

இப்போது அவன் முறை. வாட்ச்மேன் கை நீட்டட்டும். எப்படி இருக்கும் என்று அவனும் தெரிந்துகொள்ளட்டும்.

இதற்குமேல் எனக்கு எழுதாதே. படிக்கிற பிள்ளை, ராத்திரி கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

அத்தை

பி.கு. பச்சை கவுன் தோளில் பிடிக்கிறதா? அளவு தெரியாமல் குத்துமதிப்பாக வாங்கினேன்.


ஆகஸ்ட் 14

அன்புள்ள அத்தை,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். கோபம் வந்தால் படிக்காமல் கிழித்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தை ஜெராக்ஸ் கடையிலேயே நின்று படித்தேன். அக்கா, "என்னடி, மார்க் குறைஞ்சுபோச்சா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு இதெல்லாம் தெரியாது அத்தை. நீங்கள்தான் கோபித்துக்கொண்டு போய்விட்டதாக நினைத்திருந்தேன்.

நீங்கள் போன பிறகு நடந்ததும் உங்களுக்குத் தெரியாதுதானே? அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஊர்க்குரல் முதலில் 'தித்திப்பு எஃப்.எம்.' ஆனது. நாள் முழுக்கக் காதல் பாட்டு. அப்பா ரகசியம் பேசுவதுபோல மெதுவாகப் பேச வேண்டும் என்று சொன்னார்கள். அப்பா வீட்டிலும் அப்படியே பேசிப் பழகினார். "உப்பு கொஞ்சம் எடு" என்று அவர் குழைந்து கேட்பார். அம்மா, "தொண்டை கட்டியிருக்கா?" என்பாள். பிறகு அதையும் வேறு யாரோ வாங்கி 'ஜிகுஜிகு எஃப்.எம்.' ஆக்கினார்கள். இப்போது எல்லாம் குத்துப் பாட்டு. "ஹேய் மக்களே!" என்று கத்தித்தான் ஆரம்பிக்க வேண்டுமாம். அப்பா குளியலறையில் கத்திப் பார்த்தபோது, மேல்வீட்டுத் தாத்தா என்னமோ ஏதோ என்று கதவைத் தட்டிவிட்டார். ஒவ்வொரு தடவையும் போர்டின்மேல் புதுப் பெயரை எழுதுவார்கள். மழை பெய்தால் உள்ளே இருக்கும் பழைய பெயர் நனைந்து தெரியும். ஊர்க்குரலின் 'ஊ' மட்டும் இன்னும் தெரியும் அத்தை.

பெயர் மாறும்போது பழைய பெயர் வருகிற எல்லாப் பதிவையும் அழிக்க வேண்டும். அது அப்பாவின் வேலை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு அழிப்பார். ஆனால் ஒன்றை மட்டும் அவர் அழிக்கவே இல்லை. அது நீங்கள் நேரம் சொல்கிற பதிவு.

"நேரம், காலை மணி ஏழு" என்று இப்போதும் நீங்கள்தான் சொல்கிறீர்கள். தித்திப்பு ஆனபோதும் நீங்கள்தான். ஜிகுஜிகுவில் குத்துப் பாட்டு நடுவிலும் நீங்கள்தான். உங்களுக்குத் தெரியாதா? அந்தக் குரல் உங்களுடையது என்று அம்மா எனக்கு எப்போதோ சொல்லிவிட்டாள். புது மேனேஜர் வரும்போதெல்லாம், "அந்த லேடி வாய்ஸை எடுத்துடலாமே" என்பார். அப்பா முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "எடுக்கலாம் சார். ஆனா அது மிஷினோட அடியிலேயே சேர்த்துவச்சது. அதைத் தொட்டா மொத்தமும் படுத்துடும்" என்பார். நானும் அது உண்மை என்றே நம்பினேன். போன வருடம் புதுக் கம்ப்யூட்டர் வந்தபோது, அப்பா ஒரே நிமிடத்தில் அதை அதற்குள் போட்டதைப் பார்த்தேன். என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்தார்.

இரண்டாவது மைக்கைக் கழற்றிவிட்டார்கள். ஆனால் அதன் கம்பி அப்படியே இருக்கிறது. அப்பா அதில் தன் சாப்பாட்டுப் பையை மாட்டுகிறார். அந்த நாற்காலியில் யாரையும் உட்காரவிடமாட்டார். நான் உட்கார்ந்தால்கூட, "அது ஆடும், விழுந்துடுவே" என்பார். ஆடாது. நான் ஆட்டிப் பார்த்தேன்.

இன்னொன்று. பன்னிரண்டு மணி சொல்லும்போது மட்டும் நீங்கள் சிரிப்பை அடக்குகிறீர்கள். "நேரம், மதியம் மணி பன்..." என்று வந்து, மூச்சு கொஞ்சம் நழுவி, "...னிரண்டு." எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் பன்னிரண்டு சொல்லுவார்கள். எதற்காகச் சிரித்தீர்கள்? அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "எனக்கும் தெரியாது" என்றார். அது பொய் இல்லை அத்தை. அவர் பொய் சொல்லும்போது காதைத் தடவுவார். தடவவில்லை.

அவர் செய்தது தப்புதான். ஆனால் வாட்ச்மேன் கை நீட்டுவதை நான் கீழே நின்று பார்க்க வேண்டியிருக்குமே. அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பொடி

பி.கு. கவுன் தோளில் பிடிக்கவில்லை. முழங்காலுக்குமேல் ஏறிவிட்டது. ஆனாலும் போட்டுக்கொள்கிறேன்.


ஆகஸ்ட் 18

என் பொடிக்குட்டிக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மூன்றாம் மாடியில் என் மைக் அறையில் உட்கார்ந்து படித்தேன். படித்துக்கொண்டிருந்ததில், வழிதவறிய ஒரு குழந்தையின் அம்மாவைக் கூப்பிட மறந்துவிட்டேன். குழந்தை என் மடியில் உட்கார்ந்து கடை ரிப்பனை மென்றுகொண்டிருந்தது. மேனேஜரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எனக்குத் தெரியாது பொடி. நான் கிளம்பிய அன்று பஸ்ஸில் கையடக்க ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டே போனேன். அவன் தனியாக என்ன பேசுகிறான் என்று கேட்க வேண்டும் என்று ஒரு ஆத்திரம். ஆற்றுப் பாலம் தாண்டியதும் ஒரே இரைச்சல். அதோடு சரி. அந்தப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஊர்க்குரல் எட்டாது. என் குரல் அங்கேயே தங்கிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. நான் இங்கே துணி விலை சொல்லிக்கொண்டிருக்கிறேன், அங்கே உனக்கெல்லாம் மணி சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

அந்தக் காலைகள் எப்படி இருக்கும் தெரியுமா? எங்களிடம் பெரிய நிகழ்ச்சி ஒன்றும் கிடையாது. தொலைந்த பர்ஸ், ஓடிப்போன பூனை, இன்று தண்ணீர் வராத தெருக்கள். நான் தெருப் பெயர்களை வரிசையாகப் படிப்பேன். நடுவில் உன் அப்பா, "நம்ம தெருவும் உண்டா? அப்ப இன்னைக்கு என் பக்கத்துல உட்காராதே" என்பான். "என்னைக்குத்தான் குளிச்சிருக்கே?" என்பேன். ஒருமுறை ஒரு அம்மா படியேறி வந்து, "தினமும் அண்ணனை இப்படிப் பேசறியே, கொஞ்சம் மரியாதையாப் பேசும்மா" என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார். மாடி முழுக்கத் தையல் மிஷின் எண்ணெய் வாசனை. எதிரொலிக்காமல் இருக்க முட்டை அட்டைகளை ஒட்டிய சுவர். மழை வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேச வேண்டும். சில நாள் வேண்டுமென்றே சாத்தமாட்டோம். ஊருக்கே மழை கேட்கட்டும் என்று.

அந்தச் சிரிப்பைக் கேட்டாய். சொல்கிறேன். ஆனால் உன் அப்பாவிடம் சொல்லக்கூடாது.

நேரம் பதிவு செய்யும்போது நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். தாளைப் பார்த்துப் படித்தால் குரல் தட்டையாக வருகிறது என்று அவனே கடிகாரமாக நின்றான். இரண்டு கையையும் முள்ளாக நீட்டுவான். நான் மணியைச் சொல்வேன். மூன்று, நாலு, ஐந்து என்று ஒழுங்காகத்தான் போனது. பன்னிரண்டுக்கு இரண்டு கையையும் நேராகத் தலைக்குமேல் தூக்கினான். சட்டை மேலே ஏறியது. பார்த்தால், இடுப்பில் பெல்ட் இல்லை. பழைய மைக் ஒயரை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறான். முன்னால் அந்த மைக் பிளக் வேறு மணிபோலத் தொங்குகிறது. முகமோ, பரீட்சை எழுதுகிற பிள்ளைபோல அவ்வளவு பொறுப்பாக இருக்கிறது.

அவனுக்குப் புரியவில்லை. ஸ்பீக்கரில், "ஏய் வாயாடி, என்ன சிரிப்பு?" என்றான். எனக்குப் பேச்சே வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன். பன்னிரண்டை மட்டும் நாளைக்கு மறுபடி எடுத்துக்கலாம்" என்றேன். மறுநாள்தான் வாட்ச்மேன் சாவி கேட்டார். அந்தப் பன்னிரண்டை மறுபடி எடுக்கவே இல்லை.

இத்தனை வருடமாக என்னைக் குத்துவது அதுதான். அந்த வாரம் அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் என் முன்னால் கடிகாரமாக நின்றான். என்னை வைத்து விளையாடியிருக்கிறான் என்றே நினைத்தேன். இன்றும் அந்த நினைப்புப் போகவில்லை.

ஆனால் நான் போன தடவை எழுதியது தப்பு. கோபத்தை உன் தலையில் இறக்கிவிட்டேன். சொல்லிவிடு பொடி. எனக்கு வேலை போனதுகூடப் பெரிதில்லை. கேட்டவர்களிடம் போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வந்ததுதான் பெரிது. அவனுக்காவது அது கிடைக்கட்டும். நிலையத்தில் சொல்லாதே, வீட்டில் சொல். சாப்பிடும்போது வேண்டாம். வெளியே போய்விட்டு வந்து சட்டையைக் கழற்றி மாட்டியபிறகு சொல். மைக்கில் கத்தமாட்டான், பயப்படாதே. உன் அப்பாவுக்குக் கோபம் வந்தால் குரல் சின்னதாகிவிடும்.

அத்தை


ஆகஸ்ட் 23

அன்புள்ள அத்தை,

சொல்லிவிட்டேன்.

நீங்கள் சொன்ன மாதிரி அவர் சட்டையை மாட்டும்வரை காத்திருந்தேன். போர்டுக்காரரை மட்டும் காட்டிக்கொடுக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு சின்னக் குரலில், "பூனைக்கா ஹெட்போன்?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"கோபமா அப்பா?"

"யார்மேல கோபப்படறது? நானும் ஒருத்திக்கு இதையேதான் செஞ்சேன்."

அவராகவே உங்கள் பேச்சை எடுத்தார் அத்தை! அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நிலையத்தை வாங்கினவங்க, வெளியே சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை கிடையாதுன்னாங்க. நான் தினமும் சாயங்காலம் அவங்க ஆபீஸுக்குப் போய் வாசல்ல நின்னேன். ரெண்டு பேரையும் வச்சுக்குங்க, சம்பளத்தைப் பாதியாக்கிக்குங்கன்னு கேட்டேன். நாளைக்கு வாங்கன்னாங்க. மறுநாளும் அதையே சொன்னாங்க. எப்படியும் சம்மதிச்சிடுவாங்கன்னு நம்பிட்டிருந்தேன். அப்புறம் எதுக்கு அவ மனசைக் கெடுக்கணும்னு பேசாம இருந்துட்டேன். அந்த வாரம் பூரா, அவ சிரிச்சுக்கிட்டே இருக்கணும்னு மட்டும்தான் தோணுச்சு. கடைசி நாள் நிகழ்ச்சி முடிஞ்ச கையோட ஓடிப்போய் நான் அங்கே நின்னுட்டிருக்கும்போதே, இங்கே அவகிட்ட சாவியை வாங்கிட்டாங்க."

நான் கேட்டேன், "இதை ஏன் அத்தைகிட்ட சொல்லல?"

"சொன்னா சாக்குச் சொல்ற மாதிரி இருக்கும்" என்றார். காதைத் தடவவில்லை அத்தை. இரண்டு கையும் மடியில்தான் இருந்தன.

அப்புறம் என்னையே பார்த்தார். "சட்டையைக் கழற்றி மாட்டினப்புறம் சொல்லணும்னு உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார். "யாரும் இல்லை" என்றேன். என் விரலில் இருந்த பேனாக் கறையைப் பார்த்தார். "சரி, போய்ப் படு" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் என் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தால் உள்ளே ஒரு தாள் தபால்தலைகள். நான் வைக்கவில்லை. இந்தக் கடிதத்தில் ஒட்டியிருப்பது அதிலிருந்து எடுத்ததுதான்.

அவர் நேராகப் போய் மேனேஜரிடம் கேட்டுவிட்டார். மேனேஜர் முதலில் மழுப்பினாராம். பிறகு ஒத்துக்கொண்டாராம். கடைசி நிகழ்ச்சியை நடத்தலாம், ஆனால் மேனேஜர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். விடைபெறுகிறேன், கடைசி நாள், போய்வருகிறேன் என்று எதுவும் வரக்கூடாது. வந்தால் அந்த நொடியே பாட்டைப் போட்டு மூடிவிடுவார்களாம். அப்பா சரி என்றுவிட்டார். "போய்வரேன்னு சொல்லாம எப்படிப் போய்வரேன்னு சொல்றது, நீயே சொல்லு பொடி" என்று நேற்று என்னைக் கேட்டார்.

முப்பதாம் தேதி, சனிக்கிழமை. பன்னிரண்டு மணி நேரம் சொல்லி முடிந்ததும் லூப் வந்துவிடும். அதற்குப் பிறகு நேரமும் கிடையாதாம். உங்கள் குரலும் அன்றோடு சரி.

அத்தை, வருவீர்களா? உள்ளே விடமாட்டார்கள், தெரியும். கீழே தையல் மிஷின் கடையில் நின்றால்கூடப் போதும். அவர் படியிறங்கும்போது வாட்ச்மேன் மட்டும் எதிரில் நிற்கக்கூடாது.

பொடி


ஆகஸ்ட் 26

பொடிக்கு,

கடைசி சனிக்கிழமை கடையில் தள்ளுபடி விற்பனை. லீவு கேட்டேன், முறைத்தார்கள்.

அது சாக்கு என்று உனக்குத் தெரியும். அவன் அந்த ஆபீஸ் வாசலில் நின்றான் என்பதை நீ எழுதியதிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. இத்தனை வருடம் ஒரு ஆளைத் தப்பாகவே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று போய் எதிரில் நின்று என்ன பேசுவது? நாளெல்லாம் மைக்கில் பேசுகிறவள்தான். இதற்கு எனக்கு வார்த்தை வரவில்லை.

வரமாட்டேன் என்று நினைத்துக்கொள். எதிர்பார்த்து ஏமாறாதே. நீ வாசலில் நில். நீ நின்றால் போதும்.

அத்தை


ஆகஸ்ட் 30, சனிக்கிழமை, பஸ் நிலையம்

பொடி,

இதைக் கொண்டுவருகிற ஆட்டோக்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டேன், நீ கொடுக்காதே. தையல் மிஷின் கடை வாசலில் பச்சை கவுன் போட்ட பெண் நிற்பாள், அவளிடம் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நீ அதைத்தான் போட்டிருப்பாய்.

காலையில் கடைக்குத்தான் கிளம்பினேன். கால் பஸ்ஸுக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பையனின் ரேடியோவை இரவல் வாங்கிவந்தேன். வழியெல்லாம் இரைச்சல். பக்கத்தில் இருந்த அம்மா, "அதை அணைச்சுடேன்மா, காது போகுது" என்றார். "பாலம் வரட்டும்மா" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பஸ் லேட். பாலம் வரும்போது பன்னிரண்டு ஆகப்போகிறது. இரைச்சல் மெல்ல விலகி, உள்ளேயிருந்து ஒரு கத்தல். "ஹேய் மக்களே!" என் அண்ணனா இது! ஐயோ பாவம், இத்தனை நாள் இப்படியா கத்தினான் என்று இருந்தது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. தண்ணீர் வராத தெருக்களைப் படித்தான். நம் தெருவும் இருந்தது. நாளைக்கும் இதே நேரம் என்று சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை என் அண்ணன்.

பிறகு நான் வந்தேன். "நேரம், மதியம் மணி பன்..." அந்தச் சிரிப்பு. என் குரல் எவ்வளவு சின்னப் பெண்ணாக இருக்கிறது பொடி!

பாட்டு வரவேண்டிய இடம். வரவில்லை. மைக் திறந்திருந்தது. அவன் மூச்சு கேட்டது. கத்தாத குரலில், ஊர்க்குரல் குரலில், அவன் கேட்டான்.

"ஏய் வாயாடி, என்ன சிரிப்பு?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் ஒன்றும் பேசவில்லை. அந்த மேனேஜருக்கு எதை மூடுவது என்றே தெரிந்திருக்காது. விடைபெறுகிறேன் என்று ஒரு எழுத்து வரவில்லையே. ரேடியோவில் ஒரு நொடி சும்மா இருந்தால் உயிரே போய்விடும் எங்களுக்கு. அவன் அப்படியே இருந்தான். எனக்குப் பதில் சொல்ல இடம் விட்டுவைத்தான். பக்கத்து அம்மாவே ரேடியோவைப் பார்த்து, "யாரைப்பா கேக்கறே?" என்றார். பிறகு டக்கென்று ஒரு பாட்டு வந்தது. லூப்.

பஸ் நிலையத்தில், தண்ணீர்க் குழாய் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அவன் படியிறங்கியதும் நேராக இங்கே கூட்டிக்கொண்டு வா. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள், சொல்ல வந்திருக்கிறாள் என்று சொல்.

வரும்போது மறக்காமல் பெல்ட் போட்டுக்கொண்டு வரச் சொல்.

அத்தை